பழைய கான்கிரீட் பீம்களுக்கு நடுவே இரும்புத் தூணை இறுக்கமாக நிறுத்துவது எப்படி?

அளவாக வெட்டி அடித்து நுழைக்காதீர்கள். பீமின் அடிப்பக்கம் மட்டமாக இருக்காது. தூண் இரண்டு மூலைகளில் மட்டும் தொட்டு நிற்கும். 25 முதல் 40 மி.மீ. குறைத்து வெட்டி, இரு முனையிலும் பிளேட் வெல்டிங் செய்யுங்கள். பூச்சைக் கொத்தி எடுத்து, ஆங்கர் போல்ட்டில் (கான்கிரீட்டில் துளையிட்டுப் பதிக்கும் போல்ட்) நிறுத்தி, இடைவெளியைச் சுருங்காத கிரவுட்டால் (காய்ந்தாலும் சுருங்காத சிறப்பு சிமென்ட் கலவை) நிரப்புங்கள். சாதாரண சிமென்ட் கலவை காயும்போது மயிரிழை இடைவெளி விட்டுவிடும். பிறகு தூண் பாரமே வாங்காது. ஏற்கெனவே இருக்கும் பாரத்தையும் தூண் ஏற்க வேண்டுமானால், கிரவுட் இறுகும்வரை பக்கத்தில் ஜாக்கி வைத்துத் தாங்க வேண்டும்.

என் பெரிய கவலை வேறு. நடுவில் தூண் வந்தால் அந்த இடத்தில் பீமின் மேல்பக்கம் இழுபடும். அங்கே கம்பி பெரும்பாலும் குறைவு. கீழ்பீமும் இந்தப் பாரத்துக்காகப் போட்டதல்ல. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போடாமல் துளைகூடப் போடாதீர்கள்.