உயரம் குறைவு என்று ஒதுக்கப்படும் செட்டருக்கு

செட்டருக்கு, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவருக்கு, 159 செ.மீ. உயரம் போதாது என்று பயிற்சியாளர் சொன்னதாகவும், வாலிபாலையே விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜப்பான் வீராங்கனை யோஷியே தகேஷிதாவின் உயரமும் அதே 159 தான்! 2000 சிட்னி ஒலிம்பிக்ஸுக்கு ஜப்பான் பெண்கள் அணி தகுதி பெறாதபோது, பழி செட்டரான அவருடைய உயரத்தின் மேல் விழுந்தது. 2002இல் ஆட்டத்தையே விட்டுப் போனார். அப்புறம் திரும்பி வந்து, 2008 பெய்ஜிங்கில் கேப்டனாகவே ஆடினார். 2012 லண்டனில் விரல் எலும்பு முறிந்திருந்தும் வெளியே சொல்லாமல் ஆடினார்; 28 ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானுக்கு வெண்கலம்.

சரி, முன்வரிசையில் நிற்கும்போது எதிரணி உங்கள் தலைக்கு மேல்தான் அடிக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் செட்டரின் வேலை பந்துக்கு அடியில் சீக்கிரம் போய் நிற்பது. பயிற்சியாளரிடம் உயரத்தைப் பற்றி வாதாடாதீர்கள், அந்த வேகத்தைக் காட்டுங்கள்.