கீமோ நடக்கும்போது முள் சீத்தா கஷாயம் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு டிரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய். பாக்லிடாக்ஸல் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. முள் சீத்தா இலைக் கஷாயமும் மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரையும் கொடுக்கச் சொல்லி சித்தி வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கீமோ முடியும்வரை இரண்டும் வேண்டாம். சித்தி அக்கறையில்தான் வாங்கி வந்திருப்பார், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வகையில் ஹார்மோன் மாத்திரையோ, ஹெர்2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஊசியோ கைகொடுக்காது, கீமோவைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். அதன் அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு டிரிப்பில் ஏறும் பாக்லிடாக்ஸலே முதலில் மரப்பட்டையில் கண்டெடுத்த சரக்குதான். 1962-ல் அமெரிக்காவில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள், வேதியியலாளர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் அதிலிருந்து பாக்லிடாக்ஸலைப் பிரித்து 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள், மார்பகப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி கிடைத்தபோது 1994 ஆகிவிட்டது. எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரத்தில் ஏற்றுவது, யாருக்கு விரல் மரத்துப்போகும் என்று மனிதர்களிடம் பார்த்துப் பார்த்துத்தான் பட்டை மருந்தானது. குர்குமின் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

ஆய்வகத் தட்டில் குர்குமின் இந்தப் புற்று செல்களைக் கொல்வது உண்மைதான். ஆனால் விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். அதற்காகவே பல கம்பெனிகள் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கின்றன, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும். சிக்கல் அங்கேதான்: பாக்லிடாக்ஸலை உடைக்கும் கல்லீரல் நொதிகளில் ஒன்றைப் பைப்பரின் மந்தப்படுத்தும், அதனால் மருந்து உடம்பில் தேங்கி வெள்ளை அணுக்கள் இன்னும் இறங்கலாம். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், குர்குமின் கலந்த தீனி தின்ற எலிகளிடம் சைக்ளோபாஸ்பமைடு சரியாக வேலை செய்யவில்லை. இந்த நோய்க்கு அதுவும் அடிக்கடி கொடுக்கிற கீமோ மருந்துதான்.

முள் சீத்தாவில் உள்ள அனோனசின் நரம்பு செல்களைக் கெடுக்கக்கூடியது. பாக்லிடாக்ஸலே விரல்களை மரக்கவைக்கும், அதோடு இதுவும் எதற்கு?

குழம்பு மஞ்சளும் ரசத்து மிளகும் வழக்கம்போல இருக்கட்டும், அந்த அளவால் பயமில்லை. மாத்திரையை ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் டப்பாவோடு புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் 100.4 தொட்டால், நடுராத்திரி ஆனாலும் சரி, கஷாயம் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.