கேழ்வரகு பீட்சாவும் களிக்கட்டையும்

(அடுப்படி தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை பதில் எழுதுகிறார்.)

கேள்வி: வணக்கம் அம்மா. ஆடியில் கூழ் ஊற்ற அரைத்த கேழ்வரகு மாவு இரண்டு கிலோ மிச்சம் இருக்கிறது. பிள்ளைகள் கூழைத் தொடுவதில்லை, பீட்சா கேட்கிறார்கள். மைதாவுக்குப் பதில் இந்த மாவில் ஈஸ்ட் போட்டுப் பிசைந்தேன். தட்டும்போதே பிளந்தது. சுட்ட பிறகு கூரை ஓடு மாதிரி ஆகிவிட்டது. எங்கே தவறினேன்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: மைதாவுக்குச் செய்வதைக் கேழ்வரகுக்கும் செய்தீர்கள், அங்கேதான் தவறு. கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துவைத்து மாவை உப்பச் செய்வது அந்த வலைதான். கேழ்வரகில் அது கிடையாது. நீங்கள் போட்ட ஈஸ்ட் காற்றை விட்டிருக்கும், அது வந்த வழியே போயிருக்கும்.

இதற்கு வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மாமியாரோ அம்மாவோ களி கிண்டிப் பார்த்ததில்லையா? கொதிக்கும் நீரில் வெந்த கேழ்வரகு மாவு எப்படித் திரண்டு உருண்டையாக நிற்கிறது! மாவுச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சி, வெந்து, பசையாகிறது. குளூட்டன் செய்யும் வேலையில் பாதியை இந்தப் பசை செய்துவிடும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டுத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். அடுப்பை அணைத்து, ஒரு டம்ளர் மாவைக் கொட்டி, கிளறாமல் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு களி கிண்டும் கட்டையால் கட்டியில்லாமல் கிண்டுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும், வேகவைத்துத் தோலுரித்து மசித்த சின்ன சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்றைச் சேர்த்துப் பிசையுங்கள். கிழங்கு போட்டால் ஓரம் வெடிக்காது, ஆறினாலும் விறைக்காது. மாவு ஆறிப்போன பிறகு பிசைந்தால் மறுபடியும் பிளக்கும், என்னைக் குறை சொல்லக் கூடாது.

எண்ணெய் தடவிய வாழையிலையில் அடை கனத்துக்குத் தட்டி, தோசைக்கல்லில் சின்னத் தீயில் இரண்டு பக்கமும் புள்ளி விழும்வரை சுட்டெடுங்கள். ஓவன் வேண்டாம். வேலூர் வெயிலுக்கு வீட்டுக்குள் இன்னொரு வெயில் எதற்கு?

மேலே பூசும் தக்காளியில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். நாட்டுத்தக்காளி நான்கை, பூண்டு ஐந்து பல்லோடு வதக்கி, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் அளவுக்குச் சுண்ட விடுங்கள். நீர்த்த சாறு பட்டால் கேழ்வரகு மறுபடியும் களியாகிவிடும்! காய்க்கு என் தேர்வு நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. அதற்கு முன்பே என் சமையலறையில் அதற்கு முதல் மரியாதைதான். வட்டமாக மெல்ல நறுக்கி, உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, நீரைப் பிழிந்து, கல்லில் வாட்டி அடுக்குங்கள். கத்திரிக்காயைப் பீட்சாவில் போடுவது இத்தாலியிலும் உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

சீஸ் ஒரு பீட்சாவுக்கு ஒரு கைப்பிடி போதும். கடையில் வாங்கும் பீட்சாவில் கொழுப்பு பெரும்பாலும் சீஸிலிருந்துதான் வருகிறது, உப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. அடியில் கேழ்வரகை வைத்துவிட்டு மேலே கால் கிலோ சீஸைக் கொட்டினால் செய்த வேலை வீண். வீட்டுப் பன்னீரைத் துருவிப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம், ருசிக்கும், ஆனால் உருகாது. கொதித்த பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்த பன்னீரின் இயல்பு அது. நூல் நூலாக இழுபட வேண்டுமென்றால் பாதிப் பன்னீர், பாதி மொசரெல்லா என்ற உருகும் சீஸ்.

இவற்றை அடுக்கிக் கல்லில் வைத்து மூடி, நான்கைந்து நிமிடம் சின்னத் தீயில் விடுங்கள். நடுவில் ஒருமுறை மூடியைத் திறந்து உள்பக்கம் கோத்திருக்கும் நீரைத் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது சொட்டிச் சீஸ் நனைந்துவிடும்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய். கேழ்வரகு என்றால் கணக்குப் பார்க்காமல் சாப்பிடலாம் என்கிறார். உண்மையா? காலிஃபிளவரில் பீட்சா செய்கிறார்களாமே, அது எப்படி?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: உண்மையில்லை. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதே 100 கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் இருக்கிறதே! அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

காலிஃபிளவரை நான் செய்து பார்த்தேன். துருவி, ஆவியில் வேகவைத்து, முட்டை சேர்த்துக் கல்லில் தட்டினேன். திருப்பியபோது பாதி கல்லோடு நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற மருமகள், "அத்தை, பொரியல் நன்றாக வந்திருக்கிறது" என்றாள். காலிஃபிளவரில் பெரும்பகுதி தண்ணீர். வேகவைத்ததை வேட்டித் துணியில் கட்டி, கை வலிக்கும்வரை பிழிய வேண்டும். நான் பேருக்குப் பிழிந்தேன். அவ்வளவு பாடு தேவையா என்பது என் கேள்வி.

உங்கள் கணவருக்குக் கடலை மாவைச் சொல்வேன். தானியமே இல்லாத அடிப்பாகம், புரதம் கேழ்வரகைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இத்தாலியின் ஜெனோவாவில் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து ஊற்றி ஃபரினாட்டா என்ற ரொட்டியைச் சுடுகிறார்கள். நாம் அதையே கல்லில் செய்யலாம். ஒரு டம்ளர் மாவு, ஒரு டம்ளர் தண்ணீர், உப்பு, மிளகுத்தூள், இரண்டு தேக்கரண்டி எண்ணெய். கட்டியில்லாமல் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால் பச்சை வாசனை குறையும். கனமாக ஊற்றி, மூடி வேகவையுங்கள். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கரைசலிலேயே போட்டுவிடலாம்.

கேள்வி: என் மகளுக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மில்லில் அரைத்த கேழ்வரகு மாவு சரிதானே?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கேழ்வரகு சரி, மில்தான் சரியில்லை. உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு கொஞ்சம் இயந்திரத்திலேயே தங்கி உங்கள் டப்பாவில் விழும். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. உங்கள் மகளுக்கு அந்தக் கொஞ்சமே அதிகம். கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலியுங்கள். கடையில் வாங்கும் பெருங்காயத்தூளையும் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

கேள்வி: பாட்டி, கேழ்வரகில் செய்தால் அதைப் பீட்சா என்று நண்பர்களிடம் சொல்லலாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஆம்பூர்

பதில்: முதலில் சாப்பிடக் கொடு, அப்புறம் பெயரைச் சொல். நண்பர்கள் மூன்று பேருக்கு மேல் என்றால் முந்தைய நாளே அடிப்பாகத்தைச் சுட்டு ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடச் சொல் அம்மாவிடம். கத்திரிக்காய் நறுக்குவது உன் வேலை. காம்பில் முள் இருக்கும், பார்த்து.