அகின்ஃபென்வா பத்தி கேள்வி பதில்: கீழ் லீக்ல 20 வருஷம் ஒரு ஸ்ட்ரைக்கர் எப்படி தாக்குப் பிடிச்சாரு

அடெபாயோ அகின்ஃபென்வா பத்தி ஆளாளுக்கு தனித்தனியா கேக்குறீங்க, அதனால எல்லாத்தையும் சேர்த்து இங்கயே பதில் சொல்லிடுறேன். இங்கிலாந்து கீழ் டிவிஷன் ஃபுட்பாலை ரொம்ப வருஷமா விடாம பாக்குறவன் நான், அதுல எனக்கு ரொம்ப மரியாதை இருக்கிற ஆள் இவரு.

அண்ணே, ஃபிஃபா வீடியோ கேம்ல இவரை எடுத்து எல்லாரையும் இடிச்சுத் தள்ளி விளையாடிருக்கேன். நிஜத்துல பெரிய ப்ளேயரா, இல்ல சும்மா ஃபேமஸா?

நிஜமான ப்ளேயர் தம்பி. கேம்ல ஸ்ட்ரெங்த் 97 போட்டதால உலகம் பூரா பேர் தெரிஞ்சுச்சு, 16 ஸ்டோன், அதாவது 100 கிலோவுக்கு மேல வெயிட், அதைச் சொல்லியே எல்லா பேட்டியும் ஆரம்பிப்பாங்க. ஆனா அந்த கேமால புகழ் வர்றதுக்கு முன்னாடியே பத்து வருஷத்துக்கு மேல ப்ரொஃபஷனலா ஆடி முடிச்சிருந்தாரு. கரியர் முழுக்க சேர்த்தா 700 மேட்சுக்கு மேல, 200 கோலுக்கு மேல. உடம்பைக் காட்டி மட்டும் இவ்வளவு நாள் யாரும் சம்பளம் வாங்க முடியாது.

லீக் ஒன்ல ஆடினாருன்னு போட்டிருக்கே, அப்ப டாப் லெவல் தானே?

இல்லை, இது நிறைய பேருக்கு குழப்பம். மேல ப்ரீமியர் லீக், 20 டீம். அதுக்குக் கீழ சாம்பியன்ஷிப், அதுக்குக் கீழ தான் லீக் ஒன், அப்புறம் லீக் டூ, ஒவ்வொண்ணுலயும் 24 டீம். ஆக லீக் ஒன்றது மூணாவது படி, லீக் டூ நாலாவது. நல்லா ஆடின டீம் மேல படிக்கு ஏறுறது ப்ரமோஷன், கடைசில வந்த டீம் கீழ இறங்குறது ரிலிகேஷன், மேல ஏற இருக்கிற கடைசி இடத்துக்கு நடக்கிற போட்டி தான் ப்ளே-ஆஃப். அதுக்கும் கீழ நேஷனல் லீக், அங்கேர்ந்து தான் நான்-லீக்னு சொல்ற உலகம். அகின்ஃபென்வா ஆடினதுல பெரும்பகுதி மூணாவது நாலாவது படி தான். சீசனுக்கு 46 லீக் மேட்ச், செவ்வாய்க்கிழமை ராத்திரி நாலு மணி நேரம் பஸ்ல போய் ஆடிட்டு விடியக்காலைல வீடு திரும்புற வாழ்க்கை.

ஆரம்பம் எப்படி? அகாடமில வளர்ந்தவரா?

1982 மே மாசம் லண்டன் இஸ்லிங்டன்ல பிறந்தாரு, அப்பா அம்மா நைஜீரியாக்காரங்க. வாட்ஃபோர்ட் யூத் டீம்ல இருந்தாரு, அங்க இடம் கிடைக்கல. அப்படி வெளிய வந்த பசங்க பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற சின்ன டீமுக்குப் போவாங்க, இவரு போனது லிதுவேனியா. பால்டிக் கடலோரத்துல கிளைபேடான்னு ஒரு துறைமுக ஊர், அங்க எஃப்.கே. அட்லான்டாஸ் டீம். வயசு 18. கறுப்பின ஆளுங்களே அரிதா இருக்கிற ஊர்ல, சொந்த டீம் ஸ்டேடியத்துலயே நிறத்தைச் சொல்லி கத்தினாங்க. வீட்டுக்குக் கிளம்பிடலாம்னு இருந்தப்ப அவர் அண்ணன், நீ இப்ப திரும்பி வந்துட்டா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு சொல்லிருக்காரு. இருந்துட்டாரு. 2001ல அந்த டீம் லிதுவேனியா கப் ஜெயிச்சுச்சு.

பெரிய கிளப் அகாடமில மெத்தை மாதிரி வசதியில இருக்கிற 18 வயசுப் பசங்களை நினைச்சுப் பாத்துட்டு இதைப் படிங்க. பின்னாடி வந்த எந்த ரிஜெக்‌ஷனும் இவரை ஏன் உடைக்கலன்னு எனக்கு அங்க தான் விடை இருக்கு.

ஒரே சீசன்ல நாலு டீம் மாறினாருன்னு படிச்சேன், உண்மையா? ஏன் அப்படி?

உண்மை. 2003ல வேல்ஸ்ல பேரி டவுனுக்கு ஆடினாரு, அந்த கிளப் பணப் பிரச்சனைல மாட்டி ஆளுங்களை விட வேண்டியதாச்சு. அதுக்கு அடுத்து 2003-04 சீசன்ல பாஸ்டன் யுனைடெட், லெய்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ், டான்காஸ்டர் ரோவர்ஸ், நாலு டீம் ஒரே சீசன்ல. இது ஒழுங்கீனத்தால இல்ல, யாரும் நீண்ட கான்ட்ராக்ட் தரல, அவ்வளவு தான். இவ்வளவு வெயிட்டா இருக்கான், இவனால ஓட முடியுமான்னு சந்தேகம், ஒரு மாசம் பாக்கலாம், ரெண்டு மாசம் பாக்கலாம்னு தான் எடுப்பாங்க. 2004ல டார்க்கி யுனைடெட் தான் முழு சீசன் நம்பி ஆட வெச்சாங்க, கோலும் அடிச்சாரு, அதைப் பாத்து ஸ்வான்சி கூப்பிட்டாங்க.

கான்ட்ராக்ட் எல்லாம் அங்க எப்படி? கோடிக்கணக்குல சம்பளம் வராதா?

ப்ரீமியர் லீக் சம்பளத்தை மனசுல வெச்சுட்டு கீழ பாக்காதீங்க. இங்க பெரும்பாலும் ஒரு வருஷ கான்ட்ராக்ட், நல்லா ஆடினா ரெண்டு வருஷம். நம்ம ஊர் பதினொரு மாச வாடகை அக்ரிமென்ட் மாதிரி தான், புதுப்பிக்கிறாங்களா இல்லையான்னு கடைசி வரைக்கும் தெரியாது. மே மாசம் சீசன் முடிஞ்சதும் ஒவ்வொரு கிளப்பும் யாரை வெச்சுக்கிறோம், யாரை விடுறோம்னு ஒரு லிஸ்ட் வெளியிடுவாங்க, ஜூன் 30 வரைக்கும் தான் சம்பளம், அதுக்கப்புறம் வேற டீம் கிடைக்கலன்னா வீட்டுல இருக்கணும். கல்யாணம் ஆகி குழந்தை ஸ்கூல் போற ப்ளேயர், அடுத்த வருஷம் எந்த ஊர்னு தெரியாமலே ஜூன் மாசத்தைக் கடத்துவான். இதுல மேனேஜர், அதாவது டீமோட தலைமை கோச், மாறினா இன்னும் மோசம், பழைய மேனேஜர் ஆசைப்பட்டு எடுத்த ஆளைப் புது மேனேஜர் முதல் வாரத்துலயே வேண்டாம்னு சொல்லிடுவாரு.

அதனால தான் இந்த லெவல்ல ஒருத்தர் 20 வருஷம் நின்னாருன்னா அதை நான் பெரிய சாதனைன்னு சொல்றேன். ஒவ்வொரு ஜூன் மாசமும் திரும்பத் திரும்ப யாரோ ஒருத்தர் இவரு வேணும்னு கையெழுத்து போட்டிருக்காங்க.

ஸ்வான்சில எப்படி ஆடினாரு?

ஸ்வான்சி புது லிபர்ட்டி ஸ்டேடியத்துல 2005 ஆகஸ்ட்ல முதல் லீக் மேட்ச், ட்ரான்மியர் கூட, 1-0, அந்த கோல் இவரோடது. பின்னாடி ப்ரீமியர் லீக்கே வந்த மைதானத்துல முதல் லீக் கோல் இவரு பேர்ல தான் இருக்கு. 2006 ஏப்ரல்ல கார்டிஃப்ல நடந்த ஃபுட்பால் லீக் ட்ராஃபி (கீழ் டிவிஷன் டீம்களுக்கான கப்) ஃபைனல்ல கார்லைல் கூட 2-1, ஜெயிச்ச கோலும் இவரே. அடுத்த மாசமே அதே மைதானத்துல பார்ன்ஸ்லி கூட ப்ளே-ஆஃப் ஃபைனல், 2-2 ஆகி பெனால்டி ஷூட்அவுட், இவரு அடிச்ச பெனால்டி கம்பத்துக்கு மேல போயிடுச்சு, ஸ்வான்சி தோத்துச்சு. ரெண்டு மாச இடைவெளி கூட இல்ல, ஹீரோவும் ஆனாரு, கண்ணீரும் விட்டாரு. 2007ல கால் முறிஞ்சு மறுபடி கான்ட்ராக்ட் இல்லாம நின்னாரு. மில்வால்ல கொஞ்ச நாள், அப்புறம் நார்தாம்ப்டன், கில்லிங்ஹாம், திரும்ப நார்தாம்ப்டன், திரும்ப கில்லிங்ஹாம். ஒரு தடவை விட்ட கிளப் ரெண்டுமே மறுபடி கூப்பிட்டாங்கன்றதைக் கவனிங்க.

100 கிலோ ஆள் ஓடவே முடியாதே, மைதானத்துல என்ன தான் பண்ணுவாரு?

நல்ல கேள்வி, இதுக்குத் தான் காத்துட்டு இருந்தேன். கீழ் டிவிஷன்ல பிட்ச் ஜனவரில சேறாயிடும், பின்னாலேர்ந்து அழகா பாஸ் பண்ணி வர்றது எப்பவும் நடக்காது, கீப்பரோ டிஃபண்டரோ உயரமா தூக்கி அடிப்பாங்க. அந்தப் பந்து வந்து விழுற இடத்துல ஒருத்தன் நின்னு, முதுகை டிஃபண்டர் மேல சாத்தி, நெஞ்சுல வாங்கி, கூட ஆடுற ரெண்டு பேர் ஓடி வர்ற வரைக்கும் மூணு நாலு செகண்ட் அதைக் காப்பாத்தி வெச்சுக் குடுக்கணும். அந்த மூணு செகண்ட் கிடைச்சா மொத்த டீமும் 30 மீட்டர் முன்னால வந்துரும். கிடைக்கலன்னா பந்து திரும்ப உங்க கோலுக்கே வரும். அகின்ஃபென்வா இதுல மன்னன். எங்க நிக்கணும், எப்ப கையை விரிக்கணும், எந்தப் பக்கம் டிஃபண்டர் சாயுறான், பந்து வர்றதுக்கு முன்னாடியே கணக்கு போட்டிருப்பாரு, ரெண்டு பேர் சேர்ந்து பிடிச்சா ஃப்ரீ கிக் கிடைச்சிடும், ஒருத்தர் மட்டும் வந்தா திரும்பி அடிச்சிடுவாரு. முதல் டச் அவ்வளவு சாஃப்ட். இதை யாரும் பேசவே மாட்டேங்குறாங்கன்றது தான் எனக்கு வருத்தம், பைசெப்ஸ் போட்டோ மட்டும் தான் சுத்துது.

லிவர்பூல் கூட கோல் அடிச்ச கதை சொல்லுங்க ப்ளீஸ்

2015 ஜனவரி 5, எல்லா படி டீமும் மோதுற நாக்-அவுட் கப்பான எஃப்.ஏ. கப் மூணாவது ரவுண்டு, அப்ப இவரு ஆடின ஏ.எஃப்.சி. விம்பிள்டனோட கிங்ஸ்மெடோ மைதானம். இவரு சின்ன வயசுலேர்ந்து லிவர்பூல் ரசிகர். லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் சீசன் முடிஞ்சதும் கிளப்பை விட்டுப் போறேன்னு அறிவிச்சு மூணு நாள் தான் ஆச்சு. ஜெரார்ட் ஹெட்டர் போட்டு 1-0, அப்புறம் கார்னர்ல வந்த பந்தை கோல் வாய்க்குப் பக்கத்துல இருந்து இவரு உள்ள தள்ளி 1-1. கடைசில ஜெரார்ட் ஃப்ரீ கிக்ல 2-1. தோத்தாலும் ஜெரார்ட் சட்டையை வாங்கிட்டுப் போனாரு.

ஆனா அந்த சீசன்ல விம்பிள்டன் ரசிகர்கள் நெஞ்சுல வெச்சிருக்கிற கோல் வேற. 2002ல பழைய விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாத்த அனுமதி குடுத்தாங்க, ஊரை விட்டே டீம் போகுது, அப்ப ரசிகர்களே சேர்ந்து புதுசா ஆரம்பிச்சது தான் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். விம்பிள்டன் காமன் பூங்காவுல ட்ரையல் வெச்சு ஆள் எடுத்து, அடில இருந்து 9 வருஷத்துல 5 ப்ரமோஷன் வாங்கி ஃபுட்பால் லீகுக்கே, அதாவது லீக் டூவுக்கு, வந்தாங்க. மில்டன் கீன்ஸுக்குப் போன அந்த டீம் தான் எம்.கே. டான்ஸ், அதை 2014 அக்டோபர்ல லீக் ட்ராஃபில 3-2 னு முதல் முறையா ஜெயிச்சப்ப, மாத்து ஆளா இறங்கி ஜெயிக்கிற கோலை அடிச்சது அகின்ஃபென்வா. விம்பிள்டன்காரங்களுக்கு லிவர்பூல் கோலை விட இது பெருசுன்னு நான் அடிச்சு சொல்வேன்.

டிவில வாட்ஸ்அப்ல வேலை கேட்டாராமே?

ஆமா, 2016 மே, லண்டன் வெம்பிளி ஸ்டேடியம், லீக் டூ ப்ளே-ஆஃப் ஃபைனல். விம்பிள்டன் ப்ளைமவுத்தை 2-0 ஜெயிச்சாங்க, கடைசி நேரத்துல பெனால்டி, நானே அடிக்கிறேன்னு வாங்கி அடிச்சாரு. பத்து வருஷம் முன்னாடி கார்டிஃப்ல மேல தூக்கி அடிச்ச அதே ஆள்ன்றதை மறந்துடாதீங்க. மேட்ச் முடிஞ்சதும் நேரலைல மைக்கைப் பிடிச்சு, இப்ப எனக்கு வேலை இல்ல, மேனேஜர்கள் யாராவது வாட்ஸ்அப்ல மெசேஜ் போடுங்கன்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா 34 வயசு, டீமை மேல ஏத்தி விட்ட அன்னைக்கே கான்ட்ராக்ட் முடியுது, மேல சொன்ன ஜூன் மாச கதை தான் அது. வைகோம்ப் வாண்டரர்ஸ் மேனேஜர் கேரத் எய்ன்ஸ்வொர்த் கூப்பிட்டாரு, அங்க ஆறு சீசன் இருந்தாரு. 2018ல லீக் ஒன்னுக்கு ப்ரமோஷன், அந்த சீசன் டீம்ல டாப் ஸ்கோரர் இவரு தான்.

சாம்பியன்ஷிப்ல ஆடினாரா இல்லையா?

ஆடினாரு, 38 வயசுல. கோவிடால 2019-20 லீக் ஒன் பாதில நின்னப்ப வைகோம்ப் எட்டாவது இடம், ஆடின மேட்சுக்கு சராசரி பாயின்ட் கணக்குல மூணாவதா வந்தாங்க. அதனால ப்ளே-ஆஃப் கிடைச்சு, ஃபைனல்ல காலியான வெம்பிளில 2020 ஜூலை 13 ஆக்ஸ்ஃபோர்டை 2-1 ஜெயிச்சாங்க, ஜோ ஜேக்கப்சன் பெனால்டி. கிளப் வரலாற்றுலயே முதல் முறை ரெண்டாவது டிவிஷன். அன்னைக்கு இவரு, இப்ப வாட்ஸ்அப்ல க்ளாப் மட்டும் தான் மெசேஜ் பண்ணலாம்னு சொன்னாரு, லிவர்பூல் மேனேஜர் க்ளாப் நிஜமாவே வாழ்த்து வீடியோ அனுப்பினாரு. அடுத்த சீசன் ஒரே ஒரு பாயின்ட்ல ரிலிகேட் ஆனாங்க, அது இன்னும் வலிக்குது.

வார்டி மாதிரி கீழேர்ந்து ப்ரீமியர் லீக் போகாதது தோல்வி தானே?

கொஞ்சமும் இல்ல. ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டி ஸ்டாக்ஸ்பிரிட்ஜ்ன்ற நான்-லீக் டீம்ல ஆரம்பிச்சு, லெஸ்டர் போய் 2016ல ப்ரீமியர் லீக் சாம்பியன் ஆனது அபூர்வம், அதனால தான் எல்லாருக்கும் தெரியுது. ரிக்கி லாம்பர்ட்டை எடுத்துக்கங்க, அவரும் அகின்ஃபென்வா பிறந்த அதே 1982, அவரும் ஸ்ட்ரைக்கர், ஒரு காலத்துல பீட்ரூட் ஃபேக்டரில பாட்டிலுக்கு மூடி போட்டவரு. 2013 ஆகஸ்ட்ல வெம்பிளில ஸ்காட்லாந்து கூட இங்கிலாந்துக்காக இறங்கி முதல் டச்சுலயே ஜெயிக்கிற கோல். அதே வருஷம் மே மாசம் அதே வெம்பிளில அகின்ஃபென்வாவோட நார்தாம்ப்டன், ப்ராட்ஃபோர்ட்கிட்ட 3-0 தோத்துச்சு. ரெண்டு பேர் உழைப்பும் ஒண்ணு தான். மேல போற வாசல் ரொம்பக் குறுகல், நிறைய நல்ல ப்ளேயருங்க அது வழியா போறதில்ல, அவங்க தான் மீதி 72 கிளப்பையும் உயிரோட வெச்சிருக்காங்க.

கடைசி மேட்ச் எது?

2022 மே 21, லீக் ஒன் ப்ளே-ஆஃப் ஃபைனல், வெம்பிளி, சண்டர்லேண்ட் கூட. 2-0 தோல்வி. வயசு 40 ஆகி பதினொரு நாள்.