பெரியவர்களுக்கு மட்டுமான ஓய்வுப் பகுதி நன்றாக இருக்கும் குரூஸ் கப்பலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதற்குப் பதில் எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒருவர் "எல்லாக் கப்பலிலும் அடல்ட்ஸ் ஒன்லி ஏரியா இருக்கு, கவலையே வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. இருக்கிறதுதான். பலகை எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தப் பலகையைத் தாண்டினால் படுக்க ஒரு நாற்காலி கிடைக்குமா, காது ஓயுமா என்பதல்லவா நீங்கள் கேட்டது?

"குழந்தைகளைப் பிடிக்காதவர்கள்" என்று என்னைத் திட்ட வரப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புதான் கொடுப்பார்கள். காலை முழுக்க என் புடவைத் தலைப்பை யாராவது ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். எனக்கு அது பிடிக்கும். பிடித்த வேலையிலிருந்தும் மனிதருக்கு ஓய்வு வேண்டும், அவ்வளவுதான். சமையற்காரர் விடுமுறையில் அடுப்பைப் பார்க்க விரும்பவில்லை என்றால் அவருக்குச் சாப்பாடு பிடிக்காது என்றா சொல்வீர்கள்?

நீங்களும் கணவரோடோ மனைவியோடோ போகிறீர்கள், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், நீச்சல் குளத்தில் குதிப்பதை விடக் குளத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கத்தான் ஆசை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

நாங்கள் போன கப்பலைத் தேர்ந்தெடுத்தது என் நாத்தனார். குடும்பமாகப் போவோம் என்று எல்லாருக்கும் சேர்த்து அவளே பதிவு செய்துவிட்டாள். "அண்ணி, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு, பாருங்க" என்று ஒரு படத்தைக் காட்டினாள். கண்ணாடிக் கூரை, நீலத் தண்ணீர், வரிசையாகப் பஞ்சு மெத்தை நாற்காலிகள், அதில் ஒரே ஒரு பெண் தொப்பியோடு படுத்திருக்கிறாள். இந்தப் படங்கள் எல்லாமே கப்பலில் பயணிகள் ஏறுவதற்கு முன்னால் எடுத்தவை என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாத்தனாரும் இதைப் படிப்பாள், அவளை ஒன்றும் சொல்லவில்லை, அவள் எடுத்துக்கொண்ட சிரமம் எனக்குத் தெரியும்.

கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே ஓடும் நாளில்தான் விஷயம் தெரிந்தது. காலையில் பலகாரம் முடித்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனால் ஒரு நாற்காலி காலியில்லை. ஆளும் இல்லை! எல்லாவற்றிலும் ஒரு டவல், அதன் மேல் ஒரு நாவல் அல்லது ஒரு ஜோடி செருப்பு. ஆட்கள் எல்லாம் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுடுதண்ணீர்த் தொட்டியில் மட்டும் கூட்டம். நீச்சல் கண்ணாடி போட்ட வாண்டுகள், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு. பதினாறு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை என்ற பலகை அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கியது.

தட்டோடு வந்த பணியாளரிடம் என் கணவர் போய்ச் சொன்னார். அவர் அழகாகச் சிரித்தார், "சொல்கிறேன் சார்" என்றார், போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பயணம் முடிந்ததும் தனக்கு மதிப்பெண் போடப் போகிற பயணியின் பிள்ளையை அவர் எப்படி எழுப்புவார்? அது அவர் வேலையும் இல்லை. அந்த வேலைக்கென்று ஓர் ஆளை வைக்காதது நிறுவனத்தின் சிக்கனம்.

கடைசியில் நானே போனேன். வகுப்பில் பேசும் குரலில், "எல்லாரும் வெளியே வாங்க. வரிசையா நில்லுங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன், வேறு மொழி அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. ஒரு பிள்ளைக்கும் தமிழ் தெரிந்திருக்காது. ஆனால் எல்லாரும் வெளியே வந்து, உயர வாரியாக இல்லாவிட்டாலும், ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். இவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

பிறகு ஒரு பிள்ளையின் அப்பா வந்தார். என் மகனை அதட்ட நீங்கள் யார் என்று ஆரம்பித்தார். பலகையைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் சொன்ன பதில்தான் இத்தனை நாளாக என் மனதில் இருக்கிறது: "அங்கே பெரிய குளத்தில் கால் வைக்க இடமில்லை. நான் எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?" எட்டிப் பார்த்தேன். உண்மைதான். தண்ணீரே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. அவரும் முழுக் கட்டணம் கொடுத்துத்தானே வந்திருக்கிறார்.

ஆகவே என் பதில் உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். பெரியவர் பகுதியின் படத்தைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் கப்பலில் குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவர்களுக்குத் தாராளமாக இடம் கொடுத்த கப்பலில்தான் நமக்கு அமைதி. டிஸ்னி கப்பல் என்றாலே என்னைப் போன்றவர்கள் ஓடுவார்கள், ஆனால் அங்கே 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான குவைட் கோவ் பகுதியைப் பற்றிக் குறை சொல்பவர்கள் குறைவு. காரணம் எளிது: பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் வர என்ன இருக்கிறது? ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் சிறு குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கென்றே சர்ஃப்சைடு என்று ஒரு தனிப் பகுதி. அப்பா அம்மா உட்காரவும் சாப்பிடவும் இடம் அங்கேயே. அவர்கள் ஏன் நம் பக்கம் வரப் போகிறார்கள்?

வயது வரம்பையும் கவனியுங்கள், எல்லாவற்றையும் பெரியவர் பகுதி என்றே சொன்னாலும் கணக்கு ஒன்றல்ல. கார்னிவல் நிறுவனத்தின் செரினிட்டி பகுதிக்குள் போகக் குறைந்தது 21 வயது. ராயல் கரீபியனின் சோலாரியம் என்ற பெரியவர் பகுதிக்கு 16. பதினாறு வயதுப் பையன்கள் நாலு பேர் ஒரு தொட்டியில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று மேல்நிலை வகுப்பு ஆசிரியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இவை இரண்டும் இலவசம். இலவசம் என்றால் முந்தியவருக்கு இடம், அதாவது டவலுக்கு இடம். பிரின்சஸ் கப்பல்களின் சாங்சுவரி, நார்வீஜியன் நிறுவனத்தின் வைப் பீச் கிளப் போன்ற பெரியவர் பகுதிகளுக்குத் தனிக் கட்டணம். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. டிக்கெட்டும் வாங்கி, உட்காரவும் காசா என்று. ஆனால் காசு வாங்குகிற இடத்தில் வாசலில் ஆள் நிற்கிறார். பலகையை அமல்படுத்துவது அந்த ஆள்தான். அதோடு இத்தனை பேருக்குத்தான் பாஸ் என்று கட்டுப்பாடும் இருக்கும். பணக்காரப் புத்தி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், மற்ற செலவில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு இதற்குக் கொடுப்பேன்.

நெரிசலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கப்பலின் மொத்த டன்னேஜை பயணிகள் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள், வரும் எண் பெரிதாக இருந்தால் ஆளுக்கு இடம் அதிகம். இந்த டன் எடை அல்ல, கப்பலின் மூடிய உட்பகுதியின் கொள்ளளவைக் காட்டும் எண். வைக்கிங் ஸ்டார் என்ற கப்பல் ஏறத்தாழ 47,800 டன், 930 பயணிகள், தலைக்கு 51. ஐகான் 2,48,663 டன், 5,610 பயணிகள், தலைக்கு 44. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 5,610 என்பது அறைக்கு இருவர் என்று போட்ட கணக்கு. மூன்றாவது, நாலாவது படுக்கையும் நிரம்பினால் ஐகானில் 7,600 பேர் வரை ஏறலாம், அப்போது தலைக்கு 33 கூட முழுசாக இல்லை. அந்தக் கூடுதல் படுக்கைகள் எப்போது நிரம்பும்? பள்ளி விடுமுறையில். இன்னொன்றும் உண்டு, திறந்த மேல்தளம் இந்த டன் கணக்கிலேயே வராது. அதனால் எண் நன்றாக இருக்கும் கப்பலிலும் வெயில் காயும் தளம் நெரியலாம்.

பள்ளி விடுமுறை என்று சொன்னதும் கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னியுங்கள். "உங்களுக்கென்ன டீச்சர், வருஷத்தில் பாதி நாள் லீவு" என்று சொல்லாத உறவினர் எனக்கு ஒருவரும் இல்லை. விடைத்தாள் திருத்துவதும், பதிவேடு எழுதுவதும், பயிற்சி வகுப்புக்குப் போவதும் அவர்கள் கணக்கில் வேலையே இல்லை. சரி, விடுமுறை என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாட்களை நான் தேர்ந்தெடுக்க முடியுமா? மற்ற எல்லாரும் கூட்டமில்லாத மாதம் பார்த்து, கட்டணம் இறங்கும் வாரம் பார்த்துப் போவார்கள். வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் போக முடியாது. உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் கிளம்பும் அதே வாரத்தில், கட்டணம் உச்சியில் இருக்கும்போது, நானும் கிளம்ப வேண்டும். பிள்ளைகளிடமிருந்து ஓய்வு தேடுகிறவளுக்கு மட்டும் பிள்ளைகள் இல்லாத வாரம் கிடையாது. இதைச் சொன்னால், "அதான் ரிட்டயர் ஆனதும் போகலாமே" என்கிறார்கள். முழங்கால் அதுவரை காத்திருக்குமா?

உங்களுக்கு அந்தக் கட்டு இல்லையென்றால் கப்பலை விட நாளைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கப்பல்களை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றுவார்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும் அந்தப் பயணங்களில் பல நாள் கரையே இருக்காது, பள்ளியும் நடந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் அரிது. சாதாரணப் பயணத்திலும் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். ஊர் பார்க்க அத்தனை ஆசை இல்லையென்றால் அன்று கப்பலிலேயே இருங்கள், கட்டணமில்லாத பகுதியே அரண்மனை மாதிரி ஆகிவிடும்.

குழந்தைகளே ஏறாத கப்பலும் உண்டு. வைக்கிங்கின் கடல் கப்பல்களிலும் வர்ஜின் வாயேஜஸிலும் 18 வயதுக்குக் கீழே யாரும் கிடையாது. பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தில் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்கள் அப்படி. ஆனால் குழந்தை இல்லை என்றால் சத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வைக்கிங்கில் மாலையில் நூலகம் போல இருக்கும் என்கிறார்கள். வர்ஜின் கப்பல் இரவு வெகுநேரம் ஆட்டம் பாட்டம் விரும்புகிறவர்களுக்கானது. இரண்டும் பெரியவர்களுக்குத்தான். குளக்கரையில் கையடக்க ஸ்பீக்கரில் பாட்டு வைக்கிற ஐம்பது வயதுக்காரரைப் போல எந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் என்னைத் தொல்லை செய்ததில்லை. பிள்ளையிடம் நிறுத்து என்றால் நிறுத்தும்.

தள வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள், நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். பெரியவர் பகுதி மட்டுமல்ல, அதற்கு மேல் தளத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கூடைப்பந்துத் திடலோ ஓட்டப் பாதையோ இருந்தால் தலைக்கு மேல் நாள் முழுக்கத் தடதடப்புதான். கப்பலின் முன்முனையில் மறைப்பில்லாமல் இருந்தால் காற்று. கப்பல் 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போனாலே மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும், எதிர்க்காற்று சேர்ந்தால் புத்தகத்தின் பக்கம் நிற்காது. பின்முனை அடக்கமாக இருக்கும், ஆனால் சில கப்பல்களில் எஞ்சின் அதிர்வு உண்டு, புகைக்கூண்டிலிருந்து கரியும் சில சமயம் விழும். புகை பிடிக்க அனுமதித்த மூலை பக்கத்தில் இருக்கிறதா என்பதும் வரைபடத்தில் தெரியும், பலர் பார்ப்பதில்லை. அலாஸ்கா போன்ற குளிர்ப் பக்கம் போவதானால் மூடிய கூரை கட்டாயம். ராயல் கரீபியனில் குவாண்டம் வகைக் கப்பல்களின் சோலாரியம் கண்ணாடிக் கூரை போட்டது, அதே நிறுவனத்தின் எல்லாக் கப்பலும் அப்படி இல்லை. ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

என் சொந்த விருப்பம் ஸ்பாவுக்குள் இருக்கும் தெர்மல் பகுதி. சூடேற்றிய கல் படுக்கை, நீராவி அறை, கடலைப் பார்த்த கண்ணாடி. பேச்சுக் குரலைத் தாழ்த்தச் சொல்லி அங்கே ஆளே இருப்பார். வைக்கிங்கில் இது எல்லாப் பயணிக்கும் கட்டணத்திலேயே சேர்த்தி. செலிப்ரிட்டி நிறுவனத்தின் கப்பல்களில் அக்வா கிளாஸ் என்ற வகை அறை எடுத்தவர்களுக்குச் சேர்த்தி. பெரும்பாலான மற்றக் கப்பல்களில் பாஸ் வாங்க வேண்டும், எண்ணிக்கை குறைவு. ஏறிய அன்றே எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடும்போது நீங்கள் நேராக ஸ்பாவுக்குப் போங்கள். சுற்றிக் காட்டுவார்கள், அப்போதே எத்தனை பாஸ் விற்கிறார்கள் என்று கேளுங்கள். கூடவே மசாஜ், முகப்பூச்சு என்று ஏதாவது ஒன்றை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பாஸ் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.