பழைய கம்ப்யூட்டரில் புராசசர் மாற்றலாமா? கேள்வி பதில்

வந்த கேள்விகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பெரும்பாலானவர்கள் "என்னிடம் ஐ3 இருக்கிறது, ஐ7 போடலாமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அதை முடிவு செய்வது புராசசர் இல்லை, மதர்போர்டு. சாக்கெட் (புராசசர் உட்காரும் இடம்) எது, சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) எது, பயோஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) எந்தப் பதிப்பு என்ற மூன்றும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே சாக்கெட் இருக்கும். மெயின்போர்டு என்ற பக்கத்தில் போர்டு மாடல், சிப்செட், பயோஸ் பதிப்பு எல்லாம் இருக்கும். அந்த விவரத்தோடு கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எச்61 போர்டு, ஐ3-2100, 8 ஜிபி ராம். ஐ7-3770 போட ஆசை. போர்டு ஏற்றுக்கொள்ளுமா சார்?

பதில்: பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கும் (உங்கள் 2100) 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறைக்கும் (3770) சாக்கெட் ஒன்றுதான், எல்ஜிஏ 1155. எச்61 சிப்செட் மூன்றாம் தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டது. அதனால் பழைய பயோஸுக்கு 3770 என்று ஒன்று இருப்பதே தெரியாது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான புராசசர் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு புராசசருக்கும் எதிரே, எந்த பயோஸ் பதிப்பிலிருந்து அது வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஐ3 சாக்கெட்டில் இருக்கும்போதே பயோஸை அப்டேட் செய்யுங்கள். புது புராசசரைப் போட்டபின் அப்டேட் செய்யலாம் என்று நினைத்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும்.

க்யூ65, க்யூ67, பி65 சிப்செட் உள்ளவர்கள் கவனியுங்கள். அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் பிராண்டட் பெட்டிகளில் இவை நிறைய உண்டு. சாக்கெட் 1155 ஆக இருந்தாலும் இவற்றில் மூன்றாம் தலைமுறைக்கு இன்டெல் ஆதரவு தரவில்லை. உங்களுக்கு எல்லை ஐ7-2600.

எச்61 நண்பருக்கு இன்னொரு நல்ல செய்தி. ஐ7-2600 95 வாட், 3770 வெறும் 77 வாட். எச்61 போர்டுகளில் புராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதி சின்னதாக, மேலே ஹீட்சிங்க் கூட இல்லாமல் இருக்கும். அதற்கு 3770தான் தோது. 2 கோர் (வேலை செய்யும் மூளை), 4 த்ரெட்டிலிருந்து (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) 4 கோர், 8 த்ரெட்டுக்குப் போகிறீர்கள். டர்போ (தேவைப்படும்போது வேகத்தைத் தானே கூட்டிக்கொள்வது) இல்லாத 3.1 கிகாஹெர்ட்ஸிலிருந்து டர்போவில் 3.9 வரை போகிறீர்கள். வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கேள்வி: எனக்கும் அதே சாக்கெட், ஆனால் ஐ5-2400. ஐ7-2600 போடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டிலும் 4 கோர்தான். டர்போ வேகம் 3.4-இலிருந்து 3.8 ஆகும், ஒரு கோரே இரண்டு த்ரெட்டை ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங் கிடைக்கும், அவ்வளவுதான். நாள் முழுக்க வீடியோ கன்வர்ட் செய்பவராக இருந்தால் யோசிக்கலாம். மற்றபடி அந்தக் காசில் ராமைக் கூட்டுங்கள்.

கேள்வி: ஐ5 நான்காம் தலைமுறை, 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் விண்டோஸ் முழுசாக எழுந்திருப்பதில்லை. எந்தப் புராசசர் போட்டால் சரியாகும்?

பதில்: எதைப் போட்டாலும் சரியாகாது. உங்கள் பிரச்சினை ஹார்ட் டிஸ்க். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடித் தேடி எடுக்க, ஒவ்வொன்றுக்கும் சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகிறது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் அது 0.1 மில்லிசெகண்டுதான். சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றுங்கள். அதே ஐ5 வேறு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும்.

புராசசர் வாங்க நினைக்கும் எல்லோரும் முதலில் இதைச் செய்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள். இழுக்கிற அந்த நேரத்தில் எது 100-ஐத் தொடுகிறது என்று பாருங்கள். டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி. மெமரி நிரம்பி வழிந்தால் ராம். கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 98, 99-இல் நின்றால் கிராஃபிக்ஸ் கார்டு. புராசசர் 100-இல் நின்றால் மட்டும்தான் புராசசர்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 8 த்ரெட் உள்ள புராசசரில் ஒரே ஒரு த்ரெட் மட்டும் முழுதாக உழைத்தால் மொத்தக் கணக்கு 12, 13 சதவீதம்தான் காட்டும். "புராசசர் சும்மாதானே இருக்கிறது" என்று ஏமாந்துவிடுவோம். வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் புராசசர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். பல சின்னக் கட்டங்கள் வரும். வேலை கட்டத்துக்குக் கட்டம் தாவுவதால், ஒன்றிரண்டு மாறி மாறி உச்சிக்குப் போய் வரும், மற்றவை படுத்துக் கிடக்கும். அப்படி இருந்தால் கோர் எண்ணிக்கையைக் கூட்டிப் பயன் இல்லை. ஒவ்வொரு கோரும் வேகமாக உள்ள புராசசர்தான் வேண்டும். இன்டெலில் ஒரே சாக்கெட்டுக்குள் அந்த வேகம் பெரும்பாலும் பெரிதாகக் கூடிவிடாது.

கேள்வி: ஐ5-6400, எச்110 போர்டு. சாக்கெட் எல்ஜிஏ 1151. ஐ7-8700-உம் 1151 தானே? அதைப் போட்டால் விண்டோஸ் 11-க்கும் தகுதி வந்துவிடும் என்று ஒரு கணக்கு போட்டேன் அண்ணா.

பதில்: கணக்கு நல்ல கணக்குதான், ஆனால் நடக்காது தம்பி. எண் ஒன்றாக இருந்தாலும், எட்டாம் தலைமுறைக்காக எந்தப் பின்னில் எது வரும் என்பதை இன்டெல் மாற்றிவிட்டது. 100 (உங்கள் எச்110 இதில்தான்), 200 வரிசை சிப்செட்டுகளுக்கு ஆறாம், ஏழாம் தலைமுறை. 300 வரிசைக்கு எட்டும் ஒன்பதும். உங்கள் போர்டுக்கு உச்சம் ஐ7-7700, அதற்கும் பயோஸ் அப்டேட் வேண்டியிருக்கலாம். 4 கோர், 8 த்ரெட், உங்கள் பழையதைப் போலவே 65 வாட். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 11-க்காகத்தான் என்றால் இந்தப் போர்டில் காசு போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் பழகத் தயார் என்றால் இந்த மெஷின் இன்னும் பல வருடம் உழைக்கும்.

பயோஸை மாற்றி எழுதி எட்டாம் தலைமுறையை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: ரைசன் 5 1600, பி350 போர்டு, தனி கிராஃபிக்ஸ் கார்டு. எதுவரைக்கும் போகலாம்?

பதில்: இன்றைய கேள்விகளிலேயே கொடுத்துவைத்தவர் நீங்கள்தான். உங்கள் ரைசன் உட்காரும் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் மாதிரி பழைய போர்டுக்காரர்களைக் காப்பாற்றிய சாக்கெட் அரிது. 2022-இல் உங்கள் பி350 போன்ற ஏஎம்டி 300 வரிசை போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசை திறந்துவிடப்பட்டது. உங்கள் போர்டுக்கு அந்த பயோஸ் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். என் தேர்வு ரைசன் 5 5600. உங்கள் 1600-உம் 65 வாட், இதுவும் 65 வாட், போர்டுக்குக் கூடுதல் சுமை இல்லை. கோர் அதே 6தான், ஆனால் ஒவ்வொரு கோரும் மிக வேகம். 1600 இல்லாத விண்டோஸ் 11 பட்டியலில் 5600 இருக்கிறது. கேம்தான் உயிர் என்றால் 96 எம்பி எல்3 கேஷ் (புராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) உள்ள 5800எக்ஸ்3டி இருக்கிறது. அது 105 வாட், நல்ல கூலரும் தெம்பான விஆர்எம்மும் கேட்கும்.

பயோஸ் அப்டேட்டில் அவசரப்படாதீர்கள். பல பழைய ஏஎம்4 போர்டுகளில் பயோஸ் சிப் 16 எம்பிதான். எல்லாப் புராசசருக்கும் இடம் போதாமல், சில புதிய பதிப்புகளில் பழைய புராசசர்களைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். சில போர்டுகளில் நடுவில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக வேண்டும். டவுன்லோடு பக்கத்தில் இருக்கும் குறிப்பை வரி விடாமல் படியுங்கள்.

முக்கியமான இன்னொன்று, விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கர். டிரைவ் பூட்டப்பட்டிருந்தால் ரெகவரி கீயை முதலில் வேறு இடத்தில் எழுதி வையுங்கள், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். புது புராசசரைப் போட்டு ஆன் செய்ததும், புராசசர் மாறியிருக்கிறது, எஃப்டிபிஎம்மை (பூட்டின் சாவியைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யட்டுமா என்று கேட்டு ஒய் அல்லது என் அழுத்தச் சொல்லும். கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் உங்கள் ஃபைல்களே உங்களுக்குத் திறக்காது. குடும்பப் படங்கள், கணக்கு வழக்கு எல்லாம் அதில்தானே இருக்கிறது, தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ரைசன் 3 3200ஜி வைத்திருக்கிறேன், கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. எனக்கும் 5600 தானா?

பதில்: இல்லை, உங்களுக்கு 5600ஜி. வெறும் 5600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, மானிட்டரில் ஒன்றும் வராது. இன்டெலில் எஃப் என்று முடியும் மாடல்களும் இப்படித்தான்.

கேள்வி: ஏஎம்4-இல் கூலரைக் கழற்றும்போது புராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்கிறார்களே? பயமாக இருக்கிறது.

பதில்: வரத்தான் செய்யும். சாக்கெட்டின் பூட்டு பூட்டியிருக்கும்போதே வந்துவிடும். புராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்துக்கொள்வதுதான் காரணம். கழற்றுவதற்கு முன் ஏதாவது கனமான வேலை கொடுத்து கால் மணி நேரம் ஓடவிடுங்கள், பேஸ்ட் இளகும். ஷட்டவுன் செய்து, பவர் கேபிளை உருவிவிட்டு, கூலரின் பிடிகளை விடுவியுங்கள். அப்புறம் நேராக மேலே இழுக்கக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்து இடது வலது என்று மெதுவாகத் திருகுங்கள். முதலில் அசையாது. பிறகு வழுக்கிக்கொண்டு நகர்வது கையிலேயே தெரியும். அதன்பின் தூக்குங்கள். அப்படியும் சேர்ந்து வந்து ஒன்றிரண்டு பின் வளைந்திருந்தால், உள்ளே லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் நுனியைப் பின்னில் செருகி நிமிர்த்தலாம். நிதானம் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும்.

இன்டெலின் எல்ஜிஏ சாக்கெட்டுகளில் பின்கள் போர்டில் இருக்கும். அங்கே புராசசரைக் கை தவறிப் போட்டால் போர்டு போச்சு. ஓரங்களைப் பிடித்து, மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, அப்படியே வையுங்கள், அழுத்த வேண்டாம். லீவரை இறக்கும்போது நெறுநெறு என்று சத்தம் வரும், நல்ல அழுத்தமும் தேவைப்படும். அது சகஜம்தான். பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, புதியதை நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். போதும்.

கேள்வி: கோர் 2 டுவோ, ஜி31 போர்டு. கோர் 2 குவாட் போட்டால்?

பதில்: யாராவது சும்மா கொடுத்தால் போடுங்கள், காசு கொடுக்காதீர்கள். ஜி31-இல் ராம் 4 ஜிபியோடு நின்றுவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கோர் 2 புராசசர்களில் பூட் கூட ஆகாது.

கேள்வி: பிராண்டட் ஸ்லிம் டெஸ்க்டாப், ஐ3-4130. ஐ7-4790 போடலாமா? விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

பதில்: விண்டோஸைத் தொட வேண்டாம். ஆக்டிவேஷன் பெரும்பாலும் மதர்போர்டைப் பொறுத்தது. நான் கவலைப்படுவது சூட்டைப் பற்றி. உங்கள் ஐ3 54 வாட், 4790 84 வாட். ஸ்லிம் பெட்டியின் தட்டையான கூலரால் அதைச் சமாளிக்க முடியாமல், புராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 65 வாட் உள்ள 4790எஸ் பாருங்கள். அந்தப் பெட்டி மாடல் எந்தெந்தப் புராசசர்களோடு விற்கப்பட்டது என்றும் தேடுங்கள். பிராண்டட் போர்டுகளுக்கு அந்தப் பட்டியல்தான் நம்பகமானது.

கேள்வி: பழைய புராசசர் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: புராசசர் சுலபத்தில் சாகாது. பெரும்பாலும் போர்டுதான் முதலில் போகும். அதனால் பயப்படாமல் வாங்கலாம், ஆனால் மேலே பொறித்திருப்பதைப் படியுங்கள். ஐ7-3770 என்றால் எஸ்ஆர்0பிகே என்ற குறியீடு இருக்க வேண்டும். மாடல் பெயருக்குப் பதில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று இருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி, வாங்காதீர்கள். ஏஎம்4 என்றால் பின் வரிசைகளைக் கண் மட்டத்தில் வைத்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒரு பின் சாய்ந்திருந்தாலும் வரிசை கலைந்து தெரியும். 1155-க்கு இன்டெலின் சர்வர் புராசசரான ஜியான் இ3-1230 வி2 குறைந்த விலைக்கு அகப்பட்டால் நல்ல சரக்கு, ஆனால் அதில் கிராஃபிக்ஸ் இல்லை. இ3-1245 வி2-வில் உண்டு.

கேள்வி: நேற்று மாற்றினேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. பழையதைப் போட்டால் வேலை செய்கிறது. பி85 போர்டு, ஐ5-4590.

பதில்: பழையது வேலை செய்கிறது என்றால் போர்டு நன்றாக இருக்கிறது, நிம்மதியாக இருங்கள். பி85 2013-இல் வந்தது, 4590 2014-இல் வந்தது. அதனால் எனக்கு முதல் சந்தேகம் பயோஸ் மேல்தான். பழையதை மறுபடி போட்டு அப்டேட் செய்யுங்கள். பிறகு பவர் கேபிளை உருவிவிட்டு, போர்டில் உள்ள வட்டமான சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். புராசசருக்குப் பக்கத்தில் வரும் தனி 4 பின் அல்லது 8 பின் பவர் கேபிள், வேலையின்போது கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ராமோடு ஆன் செய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அந்த 4590-ஐ வேறு போர்டில் போட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. வாங்கிய இடத்திலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.