பாரிசில் பிரபுக்கள் வாழ்ந்த பழைய நகர மாளிகைகள் பிற்காலத்தில் என்னவாயின?

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. எனக்குப் பிடித்தது வரேன் தெருவிலுள்ள பிரோன் மாளிகையின் கதை. இன்று அதுதான் சிற்பி ரோதானின் அருங்காட்சியகம்.

கட்டியவர் பரம்பரைப் பிரபு இல்லை. பங்கு வணிகத்தில் திடீர்ப் பணக்காரரான பெய்ராங் த மொராஸ். வீடு முடிகிற சமயத்தில், 1732-இல், செத்தும் போனார். அப்புறம் ஒரு சீமாட்டி குடியிருந்தார். 1753-இல் தளபதி பிரோன் வாங்கித் தோட்டத்துக்குப் பணத்தை வாரி இறைத்தார், வீட்டுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நெப்போலியன் காலத்தில் போப்பின் தூதர், ரஷ்யத் தூதர் என்று வாடகைக்காரர்கள் மாறினார்கள்.

1820-இல் கன்னியாஸ்திரீகள் வந்து, வசதியான வீட்டுப் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார்கள். ஆடம்பரம் ஆகாது என்று சுவரிலிருந்த செதுக்குப் பலகைகளையும் கண்ணாடிகளையும் கழற்றி விற்றார்கள். இதற்காக அவர்களைத் திட்டாதவர் இல்லை. ஆனால் எண்பது வருடங்களுக்கு மேல் கட்டடத்தில் ஆள் புழங்கியது அவர்களால்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

1904-இல் துறவற சபைகள் பள்ளி நடத்தத் தடை வந்தது. பள்ளி மூடப்பட்டது, இடித்து மனைகளாக விற்பதாகப் பேச்சு. அதுவரை சும்மா கிடக்க வேண்டாமென்று அறைகளைக் குறைந்த வாடகைக்கு விட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த வீட்டின் பொற்காலம் இந்த இடைவெளிதான். கவிஞர் ரில்கேயின் மனைவி கிளாரா, இளம் எழுத்தாளர் ழான் கொக்தோ, மத்தீஸின் ஓவியப் பள்ளி, நடனமாடி ஒத்திகை பார்க்க இசடோரா டங்கன்! தோட்டமோ காடாகிக் கிடந்தது. 1908-இல் ரில்கே சொல்லித்தான் ரோதான் வந்து பார்த்தார். கீழ்த்தளத்தில் சில அறைகளைப் பிடித்துக்கொண்டார்.

1911-இல் அரசாங்கம் இடத்தை வாங்கி எல்லோரையும் காலி செய்யச் சொன்னது. கிழவர் ரோதான் அசையவில்லை. "என் சிற்பங்களையெல்லாம் நாட்டுக்கே தருகிறேன், சாகும்வரை நான் இங்கேயே இருப்பேன், பிறகு இதை அருங்காட்சியகம் ஆக்குங்கள்" என்பது அவர் பேரம். பல வருட இழுபறிக்குப் பின் 1916-இல் நாடாளுமன்றம் ஒத்துக்கொண்டது. 1917-இல் அவர் இறந்தார், 1919-இல் அருங்காட்சியகம் திறந்தது.

நிலத்தின் ஒரு பகுதியில் 1912-இல் விக்தோர் துரூய் பள்ளி தொடங்கியது, இன்னும் நடக்கிறது. கன்னியாஸ்திரீகள் விற்ற பலகைகளில் சிலவற்றை அருங்காட்சியகம் தேடிப்பிடித்துக் காசு கொடுத்து வாங்கி, பழைய இடத்திலேயே பொருத்தியிருக்கிறது.